கார்டா, கைரேகையா? அதற்கு முன்னால் பூட்டைப் பாருங்கள்

கேள்வி: சுமார் 40 பேர் வேலை செய்யும் அலுவலகம் எங்களுடையது. முன்கதவு கண்ணாடி. உள்ளே ஒரு சர்வர் அறை. சாவியை விட்டுவிட்டு எலக்ட்ரானிக் முறைக்கு மாறப் போகிறோம். ஒருவர் கைரேகைதான் நல்லது என்கிறார், இன்னொருவர் கார்டு போதும் என்கிறார். எதை வாங்கலாம்? கரன்ட் போனால் கதவு என்ன ஆகும்?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. கரன்ட் போனால் கதவு திறக்க வேண்டுமா, பூட்டியே இருக்க வேண்டுமா என்று முடிவு செய்துவிட்டால் எந்தப் பூட்டு என்பது பாதி தீர்ந்துவிடும்.

கண்ணாடிக் கதவுக்குப் பெரும்பாலும் மேக்னெட்டிக் லாக் போடுவார்கள். மேல் சட்டத்தில் மின்காந்தம், கதவில் இரும்புத் தகடு. மின்சாரம் ஓடும்வரை பிடித்திருக்கும், நின்றதும் விட்டுவிடும். வெளியேறும் வழிக்கு இப்படித்தான் இருக்க வேண்டும். ஃபயர் அலாரம் அடித்தால் லாக்குக்குப் போகும் மின்சாரம் நேரடியாகத் துண்டிக்கப்பட வேண்டும்; 'அதை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்பக்கம் கதவருகே வைக்கும் பச்சை நிற அவசரப் பெட்டியும் அதே மாதிரி லாக்கின் மின்சாரத்தையே அறுக்க வேண்டும்.

சாதாரண மின்வெட்டைச் சமாளிக்க பேட்டரி. 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும் லாக்குக்கு 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி கணக்குப்படி 14 மணி நேரம் தாங்கும். கார்டையோ ரேகையையோ படிக்கும் ரீடர், திறக்கலாமா என்று முடிவு செய்யும் கன்ட்ரோலர் எல்லாம் அதே பேட்டரியில் ஓடுவதாலும், பேட்டரிக்கு வயதாவதாலும் நிஜத்தில் அவ்வளவு வராது. ஆகவே எல்லோரும் கிளம்பிய பிறகு பூட்ட, முன்கதவில் சாதாரணச் சாவிப் பூட்டு ஒன்றும் இருக்கட்டும்.

'280 கிலோ தாங்கும்' என்று லாக்கைக் காட்டுவார்கள். அந்த எண் தகடு முழுவதும் காந்தத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான். தகட்டுக்குப் பின்னால் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். தகடு லேசாக ஆடி, காந்தத்தின் மேல் தானே படிந்துகொள்வதற்காக. பொருத்துகிறவர் அக்கறையாக போல்ட்டை முறுக்கி இறுக்கிவிட்டால் தகடு சாய்ந்து நிற்கும், பிடிமானம் பெருமளவு போய்விடும். கையால் தொட்டுப் பாருங்கள், கொஞ்சம் ஆட வேண்டும்.

சர்வர் அறைக்கு மின்சாரம் போனாலும் பூட்டியே இருக்கும் வகை எலக்ட்ரிக் ஸ்ட்ரைக் (கதவுச் சட்டத்தில் பூட்டின் நாக்கைப் பிடித்து, மின்சாரத்தால் விடுவிக்கும் பாகம்) போடுங்கள். உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருப்பினால் எப்போதும் திறக்கிற பூட்டாக அது இருக்க வேண்டும். வெளியிலிருந்து திறக்க ஒரு சாவி பத்திரமாக இருக்கட்டும்.

இனி, விலைப்பட்டியலில் யாரும் எழுதாத விஷயம்: கதவைத் திறக்கும் ரிலே, அதாவது லாக்கின் மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச், எந்தப் பக்கம் இருக்கிறது? மலிவான மெஷின்களில் ரீடர், கன்ட்ரோலர், ரிலே எல்லாம் ஒரே பெட்டியில், அதுவும் கதவுக்கு வெளியே. அதைச் சுவரிலிருந்து கழற்றிப் பின்னால் உள்ள ஒயர்களில் கைவைத்தால் கதவு திறந்துவிடும். கைரேகை எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. வெளியே ரீடர் மட்டும், கன்ட்ரோலரும் ரிலேயும் உள்ளே பூட்டிய பெட்டியில் என்று கேளுங்கள். பணம் குறைவாக இருந்தால் வேறு எதில் வேண்டுமானாலும் குறையுங்கள், இதில் வேண்டாம்.

கார்டுக்கு வருவோம். பழைய 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு எந்த ரீடர் அருகே போனாலும் தன் எண்ணை அப்படியே சொல்லிவிடும். மலிவான ஒரு கருவி நொடிகளில் நகல் எடுத்துவிடும். 13.56 மெகாஹெர்ட்ஸில் வந்த மைஃபேர் கிளாசிக் கார்டின் மறையாக்கமும் (என்கிரிப்ஷன்) 2008-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. இன்னும் விற்பனையில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அதற்குப் பின் வந்த, பாதுகாப்பு கூடிய மைஃபேர் டெஸ்ஃபயர் ஈவி2 அல்லது ஈவி3 கார்டு கேளுங்கள். அதை வாங்கியும் ஏமாற இடமுண்டு. நல்ல கார்டைக் கொடுத்துவிட்டு, ரீடரை அதன் வெளிப்படையான சீரியல் எண்ணை மட்டும் படிக்கும்படி அமைத்துவிடுவார்கள். 'உள்ளே உள்ள மறையாக்கப்பட்ட தரவைத்தானே படிக்கிறது?' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரீடருக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே தகவல் போக, பழைய வீகண்ட் இணைப்பை விட ஓஎஸ்டிபி என்ற புதிய இணைப்பு முறை மேல். வீகண்டில் கார்டு எண் மறைப்பில்லாமல் ஒயரில் போகிறது. ஓஎஸ்டிபியிலும் அதன் பாதுகாப்பு முறையை ஆன் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கைரேகையில் கார்டை இரவல் கொடுக்கும் பிரச்சினை இல்லை, உண்மை. ஆனால் ரேகை தேய்ந்தவர்களுக்கும் ஈரக் கைக்கும் மெஷின் முரண்டு பிடிக்கும், காலையில் வாசலில் வரிசை நிற்கும். கார்டு தொலைந்தால் ரத்து செய்யலாம், கசிந்த ரேகையை மாற்ற முடியாது. அதனால் என் தேர்வு: முன்கதவுக்கு கார்டு, சர்வர் அறைக்கு கார்டும் கைரேகையும் சேர்த்து. அந்த அறைக்குள் போகும் நாலைந்து பேரின் ரேகை மட்டும் இருந்தால் போதும்.

ஒருவர் கார்டு காட்டித் திறக்க, பின்னாலேயே இன்னொருவர் நுழைவதை இவை எதுவும் தடுக்காது. கதவைத் தானே சாத்தும் டோர் குளோசரும், கதவு அதிக நேரம் திறந்திருந்தால் ஒலிக்கும் சென்சாரும் ஓரளவு உதவும்.

வேலையை விட்டுப் போகிறவரின் கார்டை அன்றே ரத்து செய்ய ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். பொருத்தி முடித்த அன்று, கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், மெயின் சுவிட்சை அணைத்துப் பேட்டரியில் ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு பேட்டரியையும் கழற்றச் சொல்லி இரண்டு கதவுகளையும் உள்ளிருந்து திறந்து பாருங்கள்.