கர்ப்பிணிக்கு எது வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? 108ஆ, சொந்தக் காரா?

கேட்டிருக்கிற தம்பிக்கு வேதாரண்யம் பக்கம் உள்கிராமம், மனைவிக்கு தலைப்பிரசவம், எட்டாம் மாசம், வளைகாப்பு முடிஞ்சு திருத்துறைப்பூண்டி பக்கத்துல அம்மா வீட்டுக்கு போயிருக்காங்களாம். எதுக்கு ஓடணும், எதுக்கு பொறுக்கலாம், 108 கூப்பிடணுமா இல்ல மச்சான் கார்லயே போயிடலாமான்னு கேட்டிருக்கார். நான் டெல்டாவுல கவர்மென்ட் ஆஸ்பத்திரி லேபர் வார்டுல ஸ்டாஃப் நர்சா இருந்து ரிட்டயர் ஆனவ, பாத்ததை வச்சு சொல்றேன் தம்பி, உங்க டாக்டர் வேற சொன்னா அதைத்தான் கேக்கணும்.

நம்ம ஊர்ல எல்லாரும் வலியை வச்சுத்தான் அவசரமா இல்லையான்னு முடிவு பண்றாங்க. அய்யோ அம்மான்னு கத்துனா வண்டி வந்துடும், சத்தமில்லாம உக்காந்திருந்தா "சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடு"ன்னு விட்டுடுவாங்க. தலைச்சன் பிள்ளைக்கு வலி எடுத்தாலும் பெரும்பாலும் ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் இருக்கும், எங்களை ஓட வச்சவங்க பாதிப்பேர் பிரசவ வலியே இல்லாம வந்தவங்கதான்.

ஒரு பொண்ணு, ஒன்பதாம் மாசம், பஸ்ஸுல வந்து இறங்கி நடந்தே உள்ள வந்துச்சு, ரெண்டு நாளா தலைவலி, தைலம் தேச்சும் கேக்கலன்னு சொல்லுச்சு. கூட வந்த மாமியார் "கால்ல நீர் கோத்திருக்கு, வாழைத்தண்டு சாறு குடுத்தேன்"னாங்க. முகம் உப்பியிருக்கு, கல்யாண மோதிரம் விரலோட இறுகிக் கிடக்கு, சோப்பு போட்டுத்தான் கழட்டினோம். பிரஷர் பாத்தா 170க்கு 110. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதான்னு கேட்டேன், "ஆமாக்கா, காலையிலேருந்து"ன்னுச்சு. உடனே ரெண்டு பக்க இடுப்புலயும் வலிப்பு வராம தடுக்கற மக்னீசியம் சல்ஃபேட் ஊசி, பிரஷருக்கு மாத்திரை, 108ல ஏத்தி தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், தாயும் பிள்ளையும் நல்லா திரும்பி வந்தாங்க. அந்தப் பொண்ணு வீட்லயே இருந்திருந்தா அடுத்தது ஜன்னி, அதான் வலிப்பு. ஜன்னியில கையில சாவியைக் குடுக்கறது, வாயில ஸ்பூனை வைக்கறது இதெல்லாம் வேண்டாம், இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு வண்டியைக் கூப்பிடுங்க. பிரஷர் 140க்கு 90 தாண்டினாலே அன்னைக்கே டாக்டரைப் பாக்கணும், 160க்கு 110ன்னா ஒரு மணி நேரம் கூட வீட்ல இருக்கக் கூடாது.

அடுத்தது ரத்தம். மாசமா இருக்கறப்ப வலியில்லாம ரத்தம் பட்டா "வலி இல்லையே"ன்னு நிம்மதி ஆகாதீங்க, நஞ்சு, அதான் நஞ்சுக்கொடி, கீழ இறங்கி கர்ப்பப்பை வாயை மூடிட்டிருந்தா அப்படித்தான் வலியில்லாம போகும், ஸ்கேன் பாக்காம யாரும் கையை விட்டு சோதிக்கக் கூடாது, ஊர்ல கைராசிக்காரம்மா இருந்தாலும் சரி. வயிறு பலகை மாதிரி கெட்டியாகி, விட்டு விட்டு வராம ஒரே வலியா நின்னா நஞ்சு முன்னாடியே பிரியுதுன்னு அர்த்தமா இருக்கலாம், அதுல ரத்தம் வெளிய தெரியாமலும் இருக்கும். குழந்தை அசைவு வழக்கத்தை விட குறைஞ்சா காலையில பாத்துக்கலாம்னு தூங்கப் போகாதீங்க. பனிக்குடம் உடைஞ்சா வலி வராட்டியும் கிளம்பிடணும், தண்ணி பச்சையா இருந்தா இன்னும் சீக்கிரம். இதுக்கெல்லாம் ராகு காலம் எமகண்டம் பாக்கற வீட்டை நான் நிறைய பாத்திருக்கேன், வாசல்ல வண்டி நிக்கும், உள்ள தாத்தா காலண்டர் பாத்துக்கிட்டிருப்பாரு.

பொறந்தாச்சு, முடிஞ்சுதுன்னு நினைக்கறதுதான் இன்னொரு ஆபத்து. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற ரத்தப்போக்கு கவனிக்காம விட்டா ரெண்டே மணி நேரத்துல உயிரைக் கொண்டு போயிடும். வீட்டுக்கு வந்தப்புறமும் ஒரு மணி நேரத்துல ஒரு பேடு நனைஞ்சு போச்சுன்னாலோ, கட்டி கட்டியா விழுந்தாலோ, காய்ச்சலோட கெட்ட நாத்தம் அடிச்சாலோ "தீட்டு அப்படித்தான்டி போகும்"னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. அம்மாவோட ரத்த குரூப் நெகட்டிவா இருந்து குழந்தையோடது பாசிட்டிவ்னா ஆன்டி டி ஊசி 72 மணி நேரத்துக்குள்ள போடணும், டிஸ்சார்ஜ் அவசரத்துல விட்டுடாம நீங்களே கேளுங்க.

படிக்கிற மத்த பொண்ணுங்களுக்கும் ஒண்ணு. நாள் தள்ளிப் போயிருக்கு, அடிவயித்துல ஒரு பக்கமா வலி, மயக்கம் வருது, சில பேருக்கு தோள்பட்டை கூட வலிக்கும், இது குழாய்ல தங்குன கர்ப்பமா இருக்கலாம், வெடிச்சா ரத்தம் முழுக்க வயித்துக்குள்ளயே போகும், மெடிக்கல்ல கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டு படுக்கற விஷயம் இல்ல.

இப்ப எங்க போறதுன்னா, சாதாரண பிரசவத்துக்கு பக்கத்து பி.எச்.சி., அதான் ஆரம்ப சுகாதார நிலையம், போதும். மேல சொன்ன மாதிரி எதுனாலும் சீமாங் சென்டர்ங்கற அவசர பிரசவ சிகிச்சை மையம் இருக்கிற ஆஸ்பத்திரி வேணும், அங்கதான் ராத்திரியிலயும் மகப்பேறு டாக்டர், மயக்க டாக்டர், ரத்தம் எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். திருத்துறைப்பூண்டியிலேருந்து திருவாரூர் மெடிக்கல் காலேஜும் மன்னார்குடி ஆஸ்பத்திரியும் ஏறக்குறைய ஒரே தூரம், எதுக்கு அனுப்புவாங்கன்னு அந்த ஊர் விஎச்என், அதான் கிராம சுகாதார நர்ஸ்ட்ட இப்பவே கேட்டு வைங்க, கர்ப்பத்தைப் பதிஞ்சப்ப குடுத்த பிக்மி நம்பரையும் குடுத்துடுங்க. அம்மா வீட்டுக்கு வந்த பொண்ணு ரெண்டு ஊர் லிஸ்ட்லயும் இல்லாம நடுவுல நிக்கறது நம்ம பக்கம் சகஜம். டேட் ஐப்பசி கார்த்திகையில வருதுன்னா, புயல் எச்சரிக்கை வந்ததுமே ஆஸ்பத்திரியில போய்ச் சேந்துடுங்க, 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப ரோடு பூரா மரம் விழுந்து கிடந்தது உங்க வேதாரண்யத்துக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

108ஆ காரான்னா, முதல்ல 108க்கு போன் பண்ணி வண்டி எங்க இருக்குன்னு கேளுங்க. பக்கத்துல இருந்தா அதுதான் நல்லது, உள்ள ட்ரிப்ஸ் ஏத்த, வழியிலயே பொறந்தா பாத்துக்க ஆள் இருக்காங்க, ஆஸ்பத்திரிக்கும் முன்கூட்டியே சொல்லிடுவாங்க. ரொம்ப தூரம்னா கார்ல கிளம்புங்க, ஆனா மச்சான் மட்டும் ஓட்டிக்கிட்டுப் போறது கூடாது, பின்சீட்ல இடது பக்கமா படுக்க வச்சு ஒரு பொம்பளை ஆள் கூட இருக்கணும், வழியில டீ வாங்கிக் குடுக்காதீங்க, ஆபரேஷன்னா மயக்கம் குடுக்கறப்ப சிக்கலாகும். 108ல பேசறப்ப தெரு பேரு சொல்லி பிரயோஜனமில்ல, ரைஸ்மில் தாண்டி வாய்க்கா பாலம், ஐயனார் கோயில்னு சொல்லிட்டு ஒரு பையனை டார்ச்சோட மெயின் ரோட்டுல நிக்க வைங்க.