வருடத்துக்கு 4.2 லட்சம் சிடிசி, கையில் மாதம் 26,000 தானா?

கணக்கு சரிதான். நேர்காணலில் ஹெச்ஆர் சொன்ன "மாசம் 35,000" உங்கள் கைக்கு வரும் தொகை அல்ல, உங்களுக்காகக் கம்பெனி வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவை (அதுதான் சிடிசி) 12-ஆல் வகுத்தது. அதைச் சம்பளம் மாதிரி சொல்வது பழைய தந்திரம்.

பெரிய ஓட்டை வேரியபிள் பே-யாகத்தான் (வேலைத்திறனைப் பொறுத்துக் கூடிக் குறையும் தொகை) இருக்கும். அது சிடிசியில் 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 42,000, மாதம் 3,500 அங்கேயே போச்சு. பேசிக் 17,500 என்று வைத்தால் பிஎஃப்-க்கு உங்கள் பங்கு 2,100, கம்பெனியின் பங்கு 2,100 (அதையும் உங்கள் சிடிசியில்தான் சேர்த்திருப்பார்கள்!), கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) என்று ஒரு 842. மிச்சம் 26,458, இதில் தொழில் வரி வேறு கழியும்.

ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் சம்பளப் பிரிப்பு அட்டவணை இருக்கும். அதில் வேரியபிள், போனஸ், இன்சூரன்ஸ் என்று என்னென்ன தலைப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள். அப்புறம், "வேரியபிளை ஃபிக்ஸட்-க்கு மாற்ற முடியுமா, போன வருடம் அது எத்தனை சதவீதம் கொடுக்கப்பட்டது?" என்று மெயிலில் கேளுங்கள், போனில் கேட்டால் வாய்ப்பேச்சாகவே போய்விடும். மாற்றிய ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையில் பேப்பர் போடாதீர்கள்.

ஒன்று, பிஎஃப் பிடித்தம் நஷ்டம் இல்லை, உங்கள் கணக்கில்தான் சேரும். கிராஜுவிட்டி அப்படியில்லை, நிரந்தர வேலையில் பொதுவாக 5 வருடம் இருந்தால்தான் கிடைக்கும். ஒன்றிரண்டு வருடத்தில் மாறுவதாக இருந்தால் அந்த 842-ஐக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.