காது சோதனையில் ஈய விஷம் தெரியுமா? – கேள்வி பதில்

குழந்தைகளின் கேட்கும் திறனையும், உடம்பில் சேரும் ஈயம் (காரீயம்), பாதரசத்தையும் பற்றிக் கோலாலம்பூர், பினாங்குப் பெற்றோர் கேட்டவற்றுக்கு ஒரு செவித்திறன் வல்லுநரின் பதில்கள்.

செந்தூலிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 4 வயது. பேச்சு தாமதம், கூப்பிட்டால் திரும்புவதில்லை. பழைய வீடு, சுவரில் பெயின்ட் உதிர்கிறது. காது சோதனை செய்தால் ஈயம் ஏறியிருப்பது தெரிந்துவிடுமா?

தெரியாதம்மா. ஈயம் காதைப் பாதிக்கும் என்பது உண்மைதான். 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 6 முதல் 19 வயதுப் பிள்ளைகளைப் பார்த்தது. இரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 6 மைக்ரோகிராமிலிருந்து 18-க்கு ஏறும்போது கேட்கும் திறன் ஏறக்குறைய 2 டெசிபெல் குறைந்தது. ஆனால் நாங்கள் பயன்படுத்தும் ஆடியோமீட்டரில் ஒலியை 5 டெசிபெல் படியாகத்தான் கூட்டிக் குறைக்கிறோம். அதே பிள்ளையை நாளைக்குச் சோதித்தாலே 5 டெசிபெல் முன்னே பின்னே வரும். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் சராசரியில் தெரிகிற 2 டெசிபெல், உங்கள் மகன் ஒருவனின் தாளில் தெரிய வழியே இல்லை. சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தாலே 20, 30 டெசிபெல் போய்விடும்.

அதற்காகக் காது சோதனையை விட்டுவிடாதீர்கள். பேச்சு தாமதத்துக்கு அது கட்டாயம் வேண்டும். முதலில் குறும்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து டிம்பனோமெட்ரி, நடுக்காதில் நீர் இருந்தால் அது காட்டிவிடும். பிறகு விளையாட்டு முறைச் சோதனை: 'பீப்' கேட்கும்போதெல்லாம் பிள்ளை ஒரு கட்டையை எடுத்து வாளியில் போட வேண்டும். 4 வயதில் நன்றாகவே செய்வார்கள். ஈயத்துக்குத் தனியாக இரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஒன்றின் முடிவுக்காக மற்றதைத் தள்ளிப்போட வேண்டாம்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தந்தை: பழைய பேட்டரி உடைக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். மகளுக்குக் காதில் சிறு குழாய் வைத்துப் பார்க்கும் சோதனையில் 'பாஸ்' என்று வந்தது. அப்படியென்றால் பயமில்லைதானே?

தம்பி, அந்த 'பாஸ்' உட்காதில் ஒலியைப் பெருக்கித் தரும் வெளி மயிர்செல்கள் வேலை செய்கின்றன என்று மட்டும்தான் சொல்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் நரம்பும் மூளைத்தண்டும் அதில் தெரியாது. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு மின்முனைகளை ஒட்டி எடுக்கும் மூளைத்தண்டு அலைச் சோதனைதான் அதைப் பார்க்கும். அதிலும் ஈயம் பற்றிய முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. எக்வடோரின் லா விக்டோரியாவில் ஓட்டுக்கும் பானைக்கும் ஈய மெருகு பூசும் குடும்பங்களில், இரத்த ஈயம் மிக அதிகமாக இருந்த பிள்ளைகள் பலருக்குக் காது சோதனை இயல்பாகவே வந்தது.

உங்கள் வேலையே போதுமான காரணம். மகளுக்கு இரத்தம் எடுங்கள், வீட்டில் வேறு சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும். இன்றே செய்ய வேண்டியது: வேலை உடுப்பையும் சப்பாத்தையும் வேலையிடத்திலேயே மாற்றுங்கள், முடிந்தால் குளித்துவிட்டு வாருங்கள். உடுப்பைத் தனியாகத் துவையுங்கள், உதறாதீர்கள். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசு எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள். மோட்டாரின் இருக்கையும் கைப்பிடியும் மறந்துபோகும் இடங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு பாட்டி: ஊரிலிருந்து கொண்டுவந்த ஈயச் சொம்பில் ரசம் வைத்துப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கிறேன். தப்பா?

அம்மா, ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அது ஆபத்தில்லை. ஆபத்து காரீயம். பேச்சில் இரண்டையுமே 'ஈயம்' என்கிறோம், கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார். காரீயம் மலிவு என்பதால் கலந்துவிடுகிறார்கள். புளியும் தக்காளியும் சூட்டோடு சேர்ந்தால் அது ரசத்தில் கரையும். ருசியில் தெரியாது.

சொம்பின் அடியை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேயுங்கள். பென்சில் போலக் கறுப்புக் கோடு விழுந்தால் காரீயம் நிறைய இருக்கிறது. இன்னொரு வழி எடை: 730 கிராம் சொம்பைத் தண்ணீரில் முழுக்கினால், சுத்த வெள்ளீயம் 100 மில்லிலிட்டர் தண்ணீரைத் தள்ளும். முழுக் காரீயம் 64 மில்லிலிட்டர்தான் தள்ளும். ஆனால் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கலப்பை இந்த இரண்டு வழியும் காட்டாது, பிள்ளைக்கு அந்தக் கலப்பே அதிகம். ஆய்வுக்கூடத்தில் சோதிக்காத சொம்பை அலமாரியில் வையுங்கள். ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள்.

ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை: பள்ளியில் எல்லாருக்கும் காது சோதனை வைத்து, தேறாதவர்களை மட்டும் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாமா?

வேண்டாம் டீச்சர். தேறாதவர்களில் பெரும்பாலோருக்குக் குறும்பியோ சளியோதான் இருக்கும். ஈயம் ஏறிய பிள்ளை தேறிவிடக்கூடும். 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் 20 டெசிபெல் வைத்துப் பள்ளிச் சோதனை நடத்துங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு. அது காதுக்காக. இரத்தத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கக் கேள்விகள் வேறு: பெற்றோர் பேட்டரி, ஈயப்பற்று, பழைய இரும்பு வேலையா? பெயின்ட் உதிரும் வீடா? மண்ணோ சுண்ணாம்போ தின்கிற பழக்கம் உண்டா? கண்ணுக்குச் சுருமா இடுகிறார்களா? (விளக்குப் புகையில் வீட்டில் செய்யும் கண்மை வேறு. கல்லை அரைத்துச் செய்யும் சுருமாவில்தான் ஈயம்.)

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு கர்ப்பிணி: பால் ஊற சுறாப் புட்டு சாப்பிடச் சொல்கிறார்கள்.

சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்வது, அதனால் பாதரசம் அதில் சேர்ந்துகொண்டே போகும். ஃபாரோ தீவுகளில் 1986, 87-இல் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். கருவிலேயே பாதரசம் அதிகம் பட்டவர்களுக்கு 14 வயதிலும் ஒலிக்கு மூளைத்தண்டு அலைகள் தாமதமாக வந்தன. மத்தி, நெத்திலி, கெம்போங் சாப்பிடுங்கள், புட்டும் அவற்றிலேயே செய்யலாம். முகம் வெளுக்கும் கிரீம் பூசுகிறீர்களானால் அதையும் நிறுத்துங்கள். பாதரசம் கலந்த கிரீம்களின் பெயரைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் அவ்வப்போது வெளியிடுகிறது. மீன் பாதரசத்துக்கு இரத்தம் அல்லது முடி, கிரீம் பாதரசத்துக்குச் சிறுநீர் என்று கேட்டு எடுக்க வேண்டும்.

கெப்போங்கிலிருந்து: மகனின் விரலில் குத்தி எடுத்ததில் ஈயம் 7. ஈயத்தை இறக்கும் மருந்தை இணையத்தில் வாங்கலாமா?

வாங்காதீர்கள். டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமுக்கு மேல் போனால்தான் பொதுவாக மருந்து, அதுவும் மருத்துவமனையில். உலக சுகாதார நிறுவனம் 5-லிருந்தே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. இரும்புச்சத்து குறைவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், குறைந்தால் குடல் ஈயத்தை அதிகமாக இழுக்கும். யாரைக் கேட்பது என்று கிளினிக்கில் தயங்கினால், பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய விஷ மையத்தை மருத்துவர் தொடர்புகொள்ளலாம்.

அதற்கு முன் அந்த 7 சரிதானா என்று பாருங்கள். விரலில் ஒட்டிய தூசே எண்ணை ஏற்றிவிடும். இரு கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்த கை எதையும் தொடாமல், இந்த முறை கையின் இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.