நாலு பேரல் கார்புரேட்டர்: புதுசு வாங்குவதா, பழசைப் பிரிப்பதா?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறேன். பெரியப்பாவின் 1967 செவர்லே இம்பாலா காரை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். ராத்திரி நிறுத்தினால் காலையில் லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை, ஆனதும் கரும்புகை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர், நாலு குழல் (பேரல்) கொண்ட ரோசெஸ்டர் குவாட்ராஜெட். புதுச்சேரி மெக்கானிக், தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்கிறார். ஆன்லைனில் வாங்கிய ரிப்பேர் கிட் பொருந்தவில்லை, விற்றவர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்.

பதில்: தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து புதுசு வரவழைத்தால் கப்பல் செலவு, சுங்க வரி எல்லாம் உங்கள் தலையில்தான். கார்புரேட்டர் பாடியில் வெள்ளையாகப் பூத்திருந்தாலும் பயம் வேண்டாம், அது துத்தநாகக் கலவை, உப்புக்காற்றில் அப்படித்தான் ஆகும்.

கார் பெயரைச் சொல்லி கிட் வாங்கினால் தப்பாகத்தான் வரும். பாடியின் இடது பக்கம் 70 என்று தொடங்கும் ஏழு இலக்க எண் இருக்கும், பழையதில் சின்ன வட்டத் தகட்டில் அடித்திருப்பார்கள், அதைச் சொல்லி வாங்குங்கள். கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்ன பம்பின் ரப்பர் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா என்று கேளுங்கள். பல கிட்டில் ஃப்ளோட் (பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை) வராது, தனியாக வாங்க வேண்டும், அதை மட்டும் விடாதீர்கள், ஏனென்றால் அந்தக் கறுப்பு ஃபோம் ஃப்ளோட் வருஷக்கணக்கில் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துப்போய் மிதக்காது, பெட்ரோல் வழிந்து கரும்புகை வரும்.

காலைத் தொல்லைக்கு நான் முதலில் சந்தேகப்படுவது கார்புரேட்டர் பாடியின் அடியிலுள்ள துளைகளை அடைத்திருக்கும் பிளக்குகளை (ஸ்பார்க் பிளக் அல்ல). அவை கசிந்தால் ராத்திரியோடு பெட்ரோல் மேனிஃபோல்டுக்குள் (இன்ஜினுக்குப் போகும் குழாய்) இறங்கிவிடும். அடித்தட்டைக் கழற்றி, பாடியைக் காய்ந்த காகிதத்தின் மேல் வைத்துப் பெட்ரோல் ஊற்றுங்கள், ஈரம் தெரிந்தால் பெட்ரோல் தாங்கும் எபாக்ஸியால் அடைத்தால் போதும். மேல்மூடியில் ஒன்பது ஸ்க்ரூ, அதில் இரண்டு சோக் (காற்றை அடைக்கும் தகடு) பக்கம் உள்ளே ஒளிந்திருக்கும், அது தெரியாமல் நெம்பினால் மூடி உடையும். ஜெட்டில் (பெட்ரோல் போகும் நுண்துளை) கம்பி விடாதீர்கள், ரப்பர் பாகங்களைக் கிளீனரில் ஊற வைக்காதீர்கள்.

சரி, கிட் விஷயம். விற்பனைப் பக்கத்தில் உங்கள் கார்புரேட்டர் எண்ணுக்குப் பொருந்தும் என்று போட்டிருந்தால், 2020 மின்வணிக விதிகளின்படி விற்றவர் திருப்பி எடுக்க மறுக்க முடியாது. அந்தப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசைய மாட்டார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அப்புறமும் இழுத்தடித்தால், கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.