உலகம் முழுவதற்கும் ஒரு பொதுமொழி இருந்தால் நன்மையா?

பொதுமொழி என்பது வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் சந்திக்கும்போது பேசிக்கொள்ள உதவும் மொழி. நன்மை உண்டா என்றால் உண்டுதான். அதைக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு.

எஸ்பெராண்டோவையே பாருங்கள். போலிஷ், ரஷ்யன், ஜெர்மன், யூதர்கள் பேசிய இத்திஷ் என நான்கு மொழிகள் புழங்கிய, இன்றைய போலந்தில் உள்ள பியாலிஸ்டோக் நகரில் பிறந்த கண் மருத்துவர் சாமன்ஹோஃப், பொதுமொழியாகப் பயன்படட்டும் என்று தானே உருவாக்கி 1887-இல் வெளியிட்ட மொழி இது. பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ'வில் முடியும், வினைகளில் விதிவிலக்கே கிடையாது. ஆங்கிலத்தின் விதிவிலக்குகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது சொர்க்கம்!

அப்புறம் ஏன் பெரிதாகப் பரவவில்லை? மொழி தொலைபேசி மாதிரி. ஊரில் வேறு யாரிடமும் இல்லாதபோது நீங்கள் மட்டும் ஒன்று வாங்கி யாரை அழைப்பீர்கள்? எளிது என்பதற்காக மட்டும் மக்கள் ஒரு மொழியைக் கற்பதில்லை. வேலையும் வியாபாரமும் படிப்பும் எந்த மொழியில் கிடைக்கிறதோ அதைத்தான் தேடிப் போகிறார்கள். ஆங்கிலத்தைப் பரப்பியது அதன் இலக்கணமல்ல; பிரிட்டிஷ் பேரரசும், பிறகு அமெரிக்கப் பொருளாதாரமும். ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்தவருக்கு அது இலவசம், மற்றவர்களுக்குப் பல வருட உழைப்பு. என் கணக்கில், ஆங்கிலம் பொதுமொழியாக இருப்பதில் இதுதான் உண்மையான குறை.

பொதுமொழி வந்தால் தாய்மொழியைக் கைவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சாமன்ஹோஃப் கேட்டதோ எல்லோருக்கும் பொதுவான ஓர் இரண்டாம் மொழியை மட்டுமே.