தலைகொண்டவன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலைப் பள்ளி நாட்களிலிருந்து பலமுறை வாசித்தவன் நான். மணிரத்னத்தின் இரண்டு படங்களும் திரையரங்கில் எனக்கு ஏமாற்றத்தையே தந்தன. மணிமேகலை இல்லை, சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியம் இல்லை. ஆனால் சென்ற வாரம் வீட்டில் இரண்டாம் பாகத்தை மீண்டும் பார்த்தபோது, கடம்பூர் மாளிகையில் நந்தினியின் எதிரே சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனாக விக்ரம் நிற்கும் காட்சியில் கண்கலங்கிவிட்டேன். நாவலின் அந்த அத்தியாயங்களைப் படபடப்போடு படித்திருக்கிறேனே தவிர, ஒருமுறையும் அழுததில்லை. குறைபட்ட ஒரு படத்தால் இது எப்படி முடிந்தது? இசையின் மாயம்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்லும் குறைகளை நானும் ஒப்புக்கொள்கிறேன். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வளர்ந்த தொடர்கதை அது. வந்தியத்தேவன் வழியில் கண்டவர்களோடெல்லாம் வாயாடிக்கொண்டு, ஆழ்வார்க்கடியானின் வீரவைஷ்ணவச் சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டு குதிரையில் போகிற அந்தச் சாவகாசத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஐந்து பாகங்களை ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்கியதில் நிகழ்ச்சிகள் எஞ்சின, சாவகாசம் போய்விட்டது.

இசைக்குப் பங்குண்டு என்றாலும், அதே இசை ஒலிக்கும் வேறு பல காட்சிகள் நம்மை அசைக்கவில்லை என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஆதித்த கரிகாலனாக விக்ரம் நடிக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு ஐயமே இருந்தது. நாவலின் கரிகாலன் இளைஞன்; நடிகரோ ஐம்பதைக் கடந்தவர். மேலும் ‘அந்நியன்’, ‘ஐ’ போன்ற படங்களால் உருமாற்றத்தையே அவருடைய பெரிய பலமாகக் கருதப் பழகியிருந்தேன். இங்கே ஒளிந்துகொள்ள அப்படி எந்த உருமாற்றமும் இல்லை. அந்த வயதுகூடப் பாத்திரத்துக்கு உதவியிருக்கிறது: ஒரு செயலைப் பல ஆண்டுகள் சுமந்து களைத்துப்போன முகம் அது.

அந்தச் செயல் என்ன என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருப்பதாக நினைக்கிறேன். வரலாற்றில் ஆதித்த கரிகாலனின் பெருமைப் பட்டமே ‘வீரபாண்டியன் தலைகொண்ட’, அதாவது பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலையைக் கொய்த, என்பதுதான். அவன் கொலையுண்ட பின், ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டில், கொலையில் தொடர்புடைய ரவிதாசன் முதலானோரின் நிலங்கள் பறிக்கப்பட்டதைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டும் அவனைப் பாண்டியன் தலைகொண்டவன் என்றே குறிப்பிடுகிறது. கல்கி செய்தது மேதைமை மிக்க ஒரு காரியம். அந்தத் தலை விழுந்த கணத்தில் வீரபாண்டியனுக்காக உயிர்ப்பிச்சை கேட்டு மன்றாடும் நந்தினியை, கரிகாலன் காதலித்த அதே பெண்ணை, அங்கே நிறுத்தினார். அதனால் ஊரார் புகழ்ச்சியாகச் சொல்லும் சொல்லே அவன் காதில் குற்றச்சாட்டாக விழுகிறது. விக்ரம் இதைப் புரிந்துகொண்டு நடித்திருக்கிறார். அவருடைய கரிகாலனைப் பலர் கோபக்காரன் என்றார்கள். நான் பார்த்தது வெட்கத்தை. கோபம் அதை மூடப் போர்த்திய போர்வை.

முதல் பாகத்தில் நண்பன் பார்த்திபேந்திரனிடம் அவன் மனம் திறக்கும் இடத்தை மறுபடி பாருங்கள். கள், பாட்டு, ரத்தம், போர்க்களம் என்று அடுக்கிக்கொண்டு போய், எல்லாம் அவளை மறக்கத்தான் என்று சொல்லி, கடைசியில் ‘என்னை மறக்கத்தான்’ என்கிறான். அடுக்கும் வரை அது படைத்தலைவனின் குரல். ‘என்னை’ என்ற சொல்லில் அந்தக் குரல் நிலைகுலைகிறது. எதுகை மோனையோடு முழங்கியிருக்கக்கூடிய வசனம், அந்த ஒரு சொல்லில் வாக்குமூலமாகிவிடுகிறது.

கடம்பூர்க் காட்சியில் அவர் நேர்மாறாகச் செய்கிறார். உரத்த குரலுக்குப் பழகிவிட்ட நமக்கு, அங்கே அவர் பேசும் தணிந்த பேச்சு முதலில் திகைப்பைத் தருகிறது. தன்னைக் கொல்லக் காத்திருப்பவள் அவள் என்று அறிந்தே அவன் நெருங்கிச் செல்கிறான். அந்த உடலில் போருக்கான விறைப்பு எங்கும் இல்லை. தண்டனையைத் தானே தேடி வந்தவனின் தளர்வும், ஏறக்குறைய ஒரு நிம்மதியும் தெரிகின்றன. எதிரே ஐஸ்வர்யா ராயும் அதிகம் பேசாமல் அவனைப் பார்ப்பது அந்தத் தணிவுக்கு இடம்கொடுக்கிறது. இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் வரும் இளம்பருவக் காதல் அங்கே நினைவுக்கு வருவதும் அதனால்தான்.

நாவலில் உங்களுக்கு ஏன் அழுகை வரவில்லை என்பதையும் யோசித்தேன். அங்கே விளக்கு அணைகிறது, இருளில் பலர் மறைந்திருக்கிறார்கள், கொன்றவர் யார் என்ற மர்மம் நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கரிகாலனுக்காக நின்று வருந்த நமக்கு நேரம் கிடைப்பதில்லை. படம் எத்தனையோ இடங்களில் அவசரப்பட்டுவிட்டு, நாவல் ஓடிய இந்த ஓர் இடத்தில் நின்றுவிட்டது. உங்கள் கடிதம் கிடைத்த பின் அந்தக் கடம்பூர் அத்தியாயங்களை மீண்டும் எடுத்துப் படித்தேன். முன்பெல்லாம் மிகை என்று எண்ணி வேகமாகப் புரட்டிவிடும் கரிகாலனின் நீண்ட பேச்சுகளை, இம்முறை அந்தத் தணிந்த குரலில் வரி விடாமல் வாசித்தேன்.

அன்புடன்.