பெங்களூரு ஜம்ஷெட்ஜி டாடா சிலையின் கையில் ஏன் ஒரு கட்டடம் இருக்கிறது?

இந்திய அறிவியல் கழக வளாகத்தில், பிரதானக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கிறது இந்தச் சிலை. செய்தவர் கில்பர்ட் பேய்ஸ் என்ற ஆங்கிலேயச் சிற்பி, திறந்தது 1922இல். கையிலிருப்பது அந்தக் கழகத்தின் சிறு உருவம்தான். இதைக் கொடையாளர் சிலை எனலாம்: கொடுத்தவரையும் கொடுத்த பொருளையும் சேர்த்தே காட்டுவது. கோயில் மணியில் ‘உபயம்: இன்னார்’ என்று பொறிப்போமே, அதுபோல. இங்கே எழுத்துக்குப் பதில் கட்டடமே பேசுகிறது.

தன் சொத்தில் ஒரு பெரிய பங்கை இந்தக் கழகத்துக்காக ஒதுக்கிய தொழிலதிபர் டாடா, 1904இலேயே காலமாகிவிட்டார். கழகம் பிறந்தது 1909இல். கண்ணால் பார்க்காத ஒன்றை அவர் கையில் கொடுத்திருக்கிறார் சிற்பி. எனக்கு அதுதான் மனதைத் தொடுகிறது.

அப்புறம், ‘டாடா இன்ஸ்டிடியூட்’ என்று ஊரே சொன்னாலும் இது டாடா நிறுவனத்தின் கல்லூரி அல்ல. நிலம் மைசூர் அரசு கொடுத்தது, இன்று நடத்துவது மத்திய அரசின் நிதி.